ஓசை பெருகியது, பெயர் எங்கே?

அரியலூரில் நம் தோழர்கள் சிலர் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு வாக்குவாதம் எழுந்தது. நடக்கவிருக்கும் பொதுக்கூட்டத்திற்கு முன்னால் கலைநிகழ்ச்சி ஒன்று வைப்பதென்று முடிவாயிற்று. எதை வைப்பது என்பதில்தான் தகராறு. “கிதார், டிரம்ஸ், பறை எல்லாம் சேர்த்து ‘ராக்’ பாணியில் பாடுகிற குழுவைக் கூப்பிடுவோம், இளைஞர்கள் திரண்டு வருவார்கள்” என்றனர் சிமெண்டு ஆலையில் வேலை பார்க்கும் வாலிபத் தோழர்கள். “அது வெள்ளைக்காரன் இரைச்சல், நமக்கெதற்கு?” என்றனர் மூத்தவர்கள். பெரம்பலூரிலிருந்து வந்திருந்த தோழர் ஒருவரோ, “இரைச்சலோ இசையோ, சென்னையிலிருந்து ஆளைக் கூட்டிவர ஆகும் செலவில் வட்டம் முழுவதற்கும் துண்டறிக்கை போட்டுவிடலாம்” என்று கணக்குச் சொன்னார்.

மூன்று கட்சியாரும் தத்தம் பக்கத்து நியாயத்தை நன்றாகவே எடுத்துச் சொன்னார்கள். ஆனால், மூவருமே கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. அந்தக் கேள்வியைக் கேட்பதற்காகவே இன்று எழுதுகிறோம். அதற்குமுன், ‘வெள்ளைக்காரன் இரைச்சல்’ என்ற பேச்சுக்குப் பதில் சொல்லிவிடுவோம்.

‘ராக்’ யார் வீட்டுப் பிள்ளை?

‘ராக்’ என்பது வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பருத்திக்காட்டில் அடிமையாக உழைத்த கறுப்பு மக்களின் பாட்டு அதற்குப் பாட்டி. அவர்கள் பட்டணம் பிழைக்கப்போன இடத்தில் பாடிய ‘புளூஸ்’ அதற்குத் தாய். பருத்தி எடுத்து முதுகு வளைந்தவர்களின் பாட்டு என்றால் அது பெரம்பலூர்க்காரருக்கு அந்நியமாகுமா?

பாட்டு மட்டும் அவர்களுடையது; பலன் அவர்களுக்கில்லை. பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்பினப் பெண்மணி 1952இல் ‘ஹவுண்ட் டாக்’ என்ற பாட்டைப் பாடி இசைத்தட்டில் பதிவு செய்தார். 1956இல் அதே பாட்டை எல்விஸ் பிரெஸ்லி பாடினார். இசைத்தட்டு இலட்சக்கணக்கில் விற்றது. உலகம் அவரை ‘ராக் மன்னர்’ என்று கொண்டாடியது. முதலில் பாடிய பெண்மணியோ, தமக்குக் கிடைத்தது 500 டாலர்தான் என்று பின்னாளில் சொன்னார். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்ற நம் ஊர்ப் பழமொழி அமெரிக்காவுக்கும் பொருந்தியது.

ஆகவே, மூத்த தோழர்கள் அந்த இசையை வெறுக்க வேண்டியதில்லை. அது உழைப்பாளி வீட்டுப் பிள்ளை. பணக்காரன் வீட்டுக்குத் தத்துப்போன பிள்ளை. அவ்வளவுதான்.

கீழ்ப்பாக்கத்தில் ஏறிய மேடை

2018 ஜனவரி 6ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ஒரு குழு மேடை ஏறிற்று. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற குழு அது. அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த ‘சாதியற்ற தமிழர்’ என்ற கருத்திலிருந்து எடுத்த பெயர். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற ஏட்டைத் தொடங்கிய அதே பண்டிதர்தான். அவர் மறைந்து நூறாண்டு கடந்தபின், அவர் பேச்சு கிதாரோடும் டிரம்ஸோடும் மேடைக்கு வந்தது.

மேடையில் 19 பேர். சாவு வீட்டில் கானா பாடிப் பழகியவர்கள், பறை அடிப்பவர்கள், சட்டி மேளம் அடிப்பவர்கள் ஒரு பக்கம். கிதார், டிரம்ஸ் வாசிப்பவர்கள் ஒரு பக்கம். வட சென்னையின் சந்துகளில் சாவுக்கு மட்டுமே அழைக்கப்பட்ட ஓசை, ஆயிரக்கணக்கான பேர் நின்று கேட்கும் ஓசையாயிற்று. மாட்டிறைச்சியைப் பற்றிப் பாடினார்கள். இடஒதுக்கீட்டைப் பற்றிப் பாடினார்கள். அந்தக் குழுவில் பாடிய இசைவாணியை, ஆண்களே ஆண்ட கானாவில் துணிந்து நுழைந்த பெண் என்பதற்காக, 2020இல் பி.பி.சி. உலகின் நூறு பெண்களுள் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது.

இடஒதுக்கீட்டைப் பற்றிப் பாடினார்கள் என்று சொன்னோமே, அந்த நாட்களை அரியலூர்த் தோழர்களுக்கு நாம் நினைவூட்டத் தேவையில்லை. அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்னர்தான், 2017 செப்டம்பர் 1ஆம் நாள், குழுமூர் அனிதாவை நாம் இழந்தோம். மூட்டை சுமக்கும் தொழிலாளியின் மகள். பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 மதிப்பெண் எடுத்த மகள். ‘நீட்’ என்ற ஒரே தேர்வு அவள் படித்த படிப்பையெல்லாம் செல்லாக்காசாக்கிற்று. அந்தப் புண் ஆறாதிருந்த வேளையில் படிப்புரிமையைப் பாட்டாக்கி ஒரு கூட்டம் பாடியதென்றால், அது வெறும் பொழுதுபோக்கா? தோழர்களே, நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிதார்க் குழு ஒன்று இருந்து, அதற்கு ஊறுகாய் போலப் பறையைத் தொட்டுக்கொண்டார்களா என்றால், இல்லை. கானாவும் பறையும் நடுவீட்டில் இருந்தன. கிதார்தான் விருந்தாளியாக வந்தது. விருந்தாளி வந்ததால் வீட்டுக்காரன் திண்ணைக்குப் போகவில்லை. எத்தனை வாத்தியம் சேர்ந்தது என்ற எண்ணிக்கையைவிட, யார் நடுவில் நின்றார்கள் என்பதையே நாம் பெரிதாக மதிக்கிறோம்.

தெருக்குரலிலிருந்து பேராண்டி வரை

அந்தக் குழுவிலிருந்து வந்தவர்தான் அரக்கோணத்துப் பாடகர் அறிவு. 2019இல் அவர் இசைத் தோழர் ஒருவரோடு சேர்ந்து ‘தெருக்குரல்’ என்ற பாட்டுத் தொகுப்பை வெளியிட்டார். படபடவென்று கேள்வி கேட்கும் சொல்லடுக்குப் பாட்டு. கூட இயந்திரத் தாளம். கைச்செலவு குறைந்தவன் செய்யக்கூடிய இசை.

2021 மார்ச்சில் ‘என்ஜாய் என்ஜாமி’ வந்தது. சந்தோஷ் நாராயணன் இசையில் தீயும் அறிவும் பாடிய அந்தப் பாட்டைக் கோடிக்கணக்கானோர் கேட்டனர். அரியலூர்ச் சுரங்கச் சாலையில் டிப்பர் லாரி ஓட்டும் தம்பிமாரும் கேட்டார்கள். செட்டிகுளத்தில் சின்ன வெங்காயம் அறுக்கும் தாய்மாரும் கேட்டார்கள். ஒப்பாரியும் குலவையும் அதில் கலந்திருந்ததால் அது அவர்களுக்கு அந்நியமாகப் படவில்லை.

2024இல் அறிவு வெளியிட்ட தொகுப்புக்குப் பெயர் ‘வள்ளியம்மா பேராண்டி’. வள்ளியம்மாள் அவருடைய பாட்டி. நிலமில்லாத கூலியாக இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தாயகம் திரும்பியவர். அன்றைய திருச்சி மாவட்டத்திலிருந்து தோட்டத்துக்குப் போன குடும்பங்கள் எத்தனையோ! 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி திரும்பி வந்தவர்கள் இலட்சக்கணக்கானோர். பெரம்பலூரும் அரியலூரும் அந்தத் திருச்சி மாவட்டத்தில் இருந்தவைதாமே?

தெருவில் தனியாகக் கூவிய குரல், இப்போது வாத்தியக் கூட்டத்தோடும் நாட்டுப்புற மெட்டோடும் அகலக் கால் வைத்து நடக்கிறது. ஓசை பெருகியிருக்கிறது. ஆனால், அந்தப் பெரிய தொகுப்புக்கு அவர் தேர்ந்தெடுத்த பெயரைப் பாருங்கள். தேயிலை கிள்ளிய கிழவியின் பெயரை அட்டையிலே போட்டார். ஓசை பெருகும்போது, அந்த ஓசையைத் தந்தவர்களின் பெயரும் பெருகவேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

கீழே போட்ட கையும், எடுத்த கையும்

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும். வெளியார் மறுப்பல்ல; நம் வீட்டு மறுப்பு. செந்துறைப் பக்கத்துத் தோழர் ஒருவர் தம் வீட்டில் நடந்த பேச்சை நம்மிடம் சொன்னார். அவருடைய தம்பி மகன் பறை பழகப் போவதாகச் சொன்னானாம். வீட்டுப் பெரியவர் கொதித்தெழுந்தாராம்.

“டேய், எழவு சொல்லப் போகமாட்டோம், பறையடிக்க வரமாட்டோம்னு ஊரே கட்டுப்பாடு போட்டு, உங்க தாத்தன் பறையைத் தூக்கி அடுப்புல வச்சான். அதுக்காக ஆறு மாசம் எவனும் கூலிக்குக் கூப்பிடல. நீ அத மறுபடியும் தோள்ல மாட்டப் போறியா?”

“இல்ல பெரியப்பா. தாத்தா அவங்க கூப்பிட்டப்ப போகமாட்டேன்னாரு. நான் யாரும் கூப்பிடாமலே எனக்காக அடிக்கிறேன். கூலி பேசித்தான் மேடை ஏறுவேன். வேணாம்னா எறங்கிடுவேன்.”

பெரியவர் நெடுநேரம் பேசவில்லையாம். பிறகு, “அப்படின்னா சரி. ஆனா எழவு வீட்டு வாசல்ல உன்னைப் பார்க்கக் கூடாது” என்றாராம்.

இதில் யார் சொன்னது சரி? இருவர் சொன்னதும் சரி என்போம். பறை குற்றம் செய்யவில்லை. வட்டமான மரச்சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய தோல், அடிக்க ஒரு குட்டைக் குச்சி, ஒரு நீளமான மெல்லிய குச்சி. இதில் இழிவு எங்கே இருக்கிறது? “நீ அடித்தே ஆகவேண்டும், உனக்குப் பின் உன் மகனும் அடித்தே ஆகவேண்டும், கொடுத்ததை வாங்கிக்கொண்டு போகவேண்டும்” என்று கட்டாயப்படுத்திய ஊர்க்கட்டுப்பாட்டில் இருக்கிறது இழிவு. அந்தக் கட்டாயத்தை எதிர்த்துப் பறையைக் கீழே போட்டதும் மானம். கட்டாயம் ஒழிந்த இடத்தில் அதைக் கையிலெடுத்து உலகறிய முழக்குவதும் மானம். முடிவு செய்பவன் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்த வழியில் முன்னே நடந்தவர்கள் உண்டு. ஒடுக்கப்பட்ட மக்களின் பாட்டை மேடைக்குக் கொண்டுவந்த முனைவர் கே.ஏ. குணசேகரன் உண்டு. பறையைப் பல ஊர்ப் பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுத்த அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சாவுக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்த வாத்தியம் டெல்லி வரை போயிற்று. நம் ஊர்ப் பொதுத்தெரு வரை போயிற்றா என்பதுதான் கேள்வி.

அட்டையில் இல்லாத பெயர்கள்

ஓசை பெருகுவது எப்போதும் நல்லதாகவே முடியும் என்று நினைத்துவிட வேண்டாம். 1967இல் இங்கிலாந்தின் ‘பீட்டில்ஸ்’ குழு ‘சார்ஜண்ட் பெப்பர்’ என்ற இசைத்தட்டை வெளியிட்டது. நான்கு பேர் கிதாரும் டிரம்ஸும் அடித்துக்கொண்டிருந்த குழு, ஒரு பாட்டுக்கு 40 பேர் கொண்ட வாத்திய கோஷ்டியை அமர்த்திற்று. இன்னொரு பாட்டுக்கு இந்திய வாத்தியங்களை அமர்த்திற்று. ராக் இசைக்கே புதுவழி காட்டிய இசைத்தட்டு என்று இன்றும் புகழ்கிறார்கள். புகழட்டும்.

அந்த இந்திய வாத்தியங்களை வாசித்தவர்கள் யார்? இலண்டனில் வாழ்ந்த இந்தியக் கலைஞர்கள். தில்ரூபா வாசித்தவர்கள் அன்னா ஜோஷி, அம்ரித் கஜ்ஜர். தம்பூரா மீட்டியவர் புத்ததேவ் கன்சாரா. தபலா வாசித்தவர் நட்வர் சோனி. இந்த நான்கு பெயரில் ஒன்றாவது இசைத்தட்டின் அட்டையில் இருந்ததா? இல்லை. 50 ஆண்டுகள் கழித்து, 2017இல் ஆராய்ச்சியாளர்கள் தேடித் துருவிய பிறகே உலகம் அவர்களை அறிந்தது. ஓசை வேண்டும், ஓசை எழுப்பியவன் பெயர் வேண்டாம்!

அது சீமையில் நடந்தது, அந்தக் காலத்தில் நடந்தது என்கிறீர்களா? 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன்’ ஏட்டின் இந்தியப் பதிப்பு, ‘என்ஜாய் என்ஜாமி’யின் புகழைச் சொல்லி அட்டைப்படம் போட்டது. பாட்டை எழுதிப் பாடிய அறிவின் படம் அதில் இல்லை. அட்டையில் இருந்த கலைஞர்களின் திறமையை நாம் குறைத்துப் பேசவில்லை. அவர்கள் மீது குற்றமுமில்லை. இரஞ்சித் முதலானோர் கண்டனக் குரல் எழுப்பிய பிறகு, இணையப் பதிப்பில் அறிவுக்குத் தனி அட்டை போட்டார்கள். கேட்டதால் கிடைத்தது, கேளாதிருந்தால்?

பெயர் மட்டுமா? கோடிக்கணக்கானோர் கேட்ட அந்தப் பாட்டுக்கு ஒரு காசும் தங்கள் கைக்கு வரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே வெளிப்படையாகச் சொன்னார். பேர்பெற்ற இசையமைப்பாளருக்கே இந்த நிலை என்றால், பெயரே தெரியாத பறைக்காரர் கதி என்ன?

சிமெண்டுத் தொழிலாளித் தோழருக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும். கோடானுகோடி ஆண்டுகளுக்கு முன்னே கடலாக இருந்த மண் அரியலூர். அந்தக் கடலுயிர்களின் ஓடுதான் இன்று சுண்ணாம்புக்கல். அதை வெட்டி, உடைத்து, சுட்டு, அரைத்து மூட்டையாக்குகிறவன் நீ. அந்த மூட்டையில் எழும்பும் மாளிகையின் கல்வெட்டில் திறந்து வைத்தவர் பெயர் இருக்கிறது. கட்டியவர் பெயர் இருக்கிறது. உன் பெயர் இருக்கிறதா? இல்லை. தன் பெயர் விடுபட்டதற்காக நெஞ்சு வேகிறவன், பக்கத்தில் நிற்பவன் பெயரை விடலாமா?

நம் மேடையில் நடப்பதென்ன?

இப்போது, கேட்க மறந்த கேள்விக்கு வருகிறோம். ஊரைத் திருத்த வந்த நாம் நம் கூட்டத்தில் என்ன செய்கிறோம்?

தலைவர் வருகிறார் என்றால் பறைக்குழுவை அழைக்கிறோம். கொளுத்தும் வெயிலில் கடைவீதியிலிருந்து திடல் வரை அடித்துக்கொண்டே முன்னால் நடக்கிறார்கள். தலைவர் மேடை ஏறுகிறார். பறை அடித்தவர்கள் பந்தலுக்கு வெளியே போய் நிற்கிறார்கள். அவர்களுக்கு நாற்காலி உண்டா? ஒலிபெருக்கி உண்டா? “அதற்குத்தான் சத்தம் இருக்கிறதே, மைக் எதற்கு?” என்று நம்மவரே சொல்லக் கேட்டிருக்கிறோம். இரவு பத்து மணிக்கு மேல் பாட்டுக் கச்சேரிக்காரருக்குப் பேசிய பணம் உறையில் போகிறது. பறைக்காரருக்கு, “நாளை வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம்” என்ற பதில் போகிறது. நோட்டீசிலோ, மாவட்டப் பொறுப்பாளர் முதல் மைக் செட்டுக்காரர் வரை பெயர் உண்டு. பறைக்குழுவுக்கு, ‘பறை முழக்கத்துடன்’ என்ற ஒரு சொல்தான் உண்டு.

எல்லா ஊரிலும் இப்படி என்று சொல்லவில்லை. ஓர் ஊரில் நடந்தாலும் வெட்கப்பட வேண்டிய சங்கதி என்றுதான் சொல்லுகிறோம். பீட்டில்ஸ் அட்டையில் நால்வர் பெயர் விடுபட்டதற்கும், நம் நோட்டீசில் ஐவர் பெயர் விடுபடுவதற்கும் என்ன வேறுபாடு? அவர்களாவது சமத்துவம் பேசி ஓட்டுக் கேட்கவில்லை!

செய்யவேண்டியது

ஆகவே, அரியலூர்த் தோழர்களின் வாக்குவாதத்துக்கு நம் முடிவு இதுதான். கிதார் வரட்டும். டிரம்ஸ் வரட்டும். இளைஞர்கள் விரும்புகிற ஓசை நம் மேடையில் ஒலிப்பதை நாம் வரவேற்கிறோம். ஆனால், அது நம் ஊர்ப் பறைக்காரரை ஓரங்கட்டிவிட்டு வரக்கூடாது. அவரை நடுவில் நிறுத்தி வரவேண்டும். குன்னத்திலும் திருமானூரிலும் வேப்பந்தட்டையிலும் பறை பழகிய பிள்ளைகள் இருக்கிறார்கள். கல்லூரியில் கிதார் பழகிய பிள்ளைகளும் இருக்கிறார்கள். இரண்டு பேரையும் ஒரு மாதம் முன்னதாக ஒரே இடத்தில் உட்காரவைத்துப் பழகவிடுங்கள். சென்னைச் செலவைப் பற்றிக் கவலைப்பட்ட பெரம்பலூர்த் தோழரின் கணக்கும் அதில் சரியாகிவிடும்.

மேடைக்காரர்கள் ஒரு விவரம் தெரிந்துகொள்ள வேண்டும். கிதாரின் கம்பியை முறுக்கிச் சுருதி சேர்ப்பார்கள். பறையை நெருப்பில் காட்டித்தான் சேர்க்கமுடியும். பனி இறங்கினால் தோல் தளரும், ஓசை மந்தமாகும். பந்தலுக்குப் பக்கத்தில், ஆபத்தில்லாத இடமாகப் பார்த்து, பறை காய்ச்ச நெருப்பு மூட்ட இடம் கொடுங்கள். மற்ற வாத்தியங்களுக்குப் போலவே அதற்கும் ஒலிபெருக்கி வையுங்கள். கிதாரின் மின்சார ஓசைக்கு முன்னால் வெறும் தோல் எவ்வளவு நேரம் ஈடுகொடுக்கும்?

நோட்டீசில் ஒவ்வொருவர் பெயரையும் ஊரோடு அச்சிடுங்கள். கூலியை முன்னதாகப் பேசி, நிகழ்ச்சி முடிந்த இரவிலேயே கையில் கொடுங்கள். தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பெயர் பதியாதவர் நம் ஊரில் எத்தனை பேர் என்று கணக்கெடுத்து, விண்ணப்பம் எழுதிக்கொடுக்கும் வேலையைக் கிளைத் தோழர்கள் மேற்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த ஊரிலாவது சாவுக்குப் பறையடிக்க ஒருவரைக் கட்டாயப்படுத்துகிறார்கள் என்றால், முதல் ஆளாக நம் தோழன் அங்கே போய்த் தடுக்கவேண்டும். இதைச் செய்யாமல் மேடையில் மட்டும் பறை முழக்கினால் அது வெறும் வேடிக்கை.

இதற்கெல்லாம் பெரும் பணம் தேவையில்லை, தோழர்களே. மனம் ஒன்றே தேவை. அடுத்த கூட்டத்து நோட்டீஸ் அச்சகத்துக்குப் போகுமுன் ஒருமுறை படித்துப் பாருங்கள். பறையடிப்பவர் பெயர் அதில் இல்லையென்றால் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். முதலில் அவரைத் தேடிப்போய், “அண்ணே, உங்கள் பெயரை எப்படிப் போடட்டும்?” என்று கேளுங்கள். அதற்குப் பிறகு எந்த வாத்தியம் வேண்டுமானாலும் முழங்கட்டும். நாமும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறோம்.